மகெல்லன் பிரெடெரிசியாவில் நாலுதரம் செத்த கதை

1

பிள்ளைகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வரலாற்று வாத்தியார் இல்லை. மன்னாரில் பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குச் சண்டை ஒரு காரணம், கணக்குப் பாடம் இன்னொரு காரணம். ஆனாலும் பிலிப்பைன்ஸ் என்ற நாட்டின் வரலாற்றைப் பற்றி உங்களுக்கு எழுத எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. உங்கள் வாத்தியார்மார் அந்த வரலாற்றைப் படித்திருப்பார்கள். நான் அதற்குள் போய்ச் செத்திருக்கிறேன்.

டென்மார்க்கில் பிரெடெரிசியா என்ற ஊரில், வயோதிபர் இல்லம் ஒன்றில் எனக்குப் பராமரிப்பு வேலை. வேலைக்கு வெள்ளைச் சட்டை தருவார்கள். தோய்க்க வெளியே அனுப்பும் சட்டைகள் கழுத்துக்குள் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் திரும்பி வரும். என் பெயர் அந்தோனி குரூஸ். என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரியின் பெயர் மெர்லி டி லா குரூஸ். தோய்க்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே குரூஸ்தான். அவர் குள்ளம், நான் நெட்டை. சட்டை மாறி வரும் திங்கட்கிழமை காலையில் என் வயிறு தெரியும். அவருக்குச் சட்டை முழங்காலைத் தொடும். இல்லத்து முதியவர் ஒருவர் எங்களை அண்ணன் தங்கை என்றே முடிவு கட்டிவிட்டார்.

ஒருநாள் சட்டை மாற்றிக்கொள்ள வந்த மெர்லி கேட்டார்: "அந்தோனி, உனக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?"

"போர்த்துக்கீசர் வந்து வைத்தது. உனக்கு?"

"ஸ்பானியர் வந்து வைத்தது."

நாங்கள் டெனிஷில்தான் கதைப்போம். இரண்டு பேருக்கும் அது அரைகுறை என்பதால் நன்றாக விளங்கும்.

மெர்லி கொஞ்ச நேரம் என் மீசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "யூன் பன்னிரண்டு எங்கள் சுதந்திர தினம். தேவாலய மண்டபத்தில் எங்கள் வரலாற்றை நாடகமாகப் போடுகிறோம். ஆனால் எங்களில் எல்லாருமே பெண்கள். ஸ்பானியர் இல்லாமல் எங்கள் வரலாற்றைத் தொடங்கவே முடியாது. நீ வா" என்றார்.

வீட்டுக்குப் போய் மனைவி ரெஜினாவிடம் சொன்னேன். அவள் கறிக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள், அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்பானியன் எண்டா வெள்ளைக்காரன் எல்லோ?"

"ஓம்."

"அப்ப உங்கடை முகத்துக்குப் பூச ஒரு மூட்டை மா வாங்கோணும்."

2

மெர்லி எனக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிழை இருந்தால் என் டெனிஷைத் திட்டுங்கள், மெர்லியைத் திட்டாதீர்கள்.

ஐந்நூறு வருடங்களுக்கு முன் மகெல்லன் என்றொரு கப்பல் தலைவன் இருந்தான். பிறப்பால் அவன் போர்த்துக்கீசன். வேலை செய்தது ஸ்பெயின் ராசாவுக்கு. பிறந்த நாட்டில் வேலை கிடைக்காவிட்டால் அடுத்த நாட்டுக்குப் போவது அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது. அவன் பெரிய சமுத்திரத்தைத் தாண்டி, பட்டினி கிடந்து, தோலையும் மரத்தூளையும் தின்று பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு வந்து சேர்ந்தான். அப்போது அந்தத் தீவுகளுக்கு அந்தப் பெயர் கிடையாது. பின்னால் வந்தவர்கள்தான் பிலிப்பு என்ற தங்கள் ராசாவின் பெயரை வைத்தார்கள். அந்த ராசா ஒருநாளும் அங்கே காலடி வைத்ததில்லை. உங்கள் வீட்டுக்கு, வந்தே பார்க்காத ஒருவர் தன் பெயரை வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

செபு என்ற தீவின் தலைவன் மகெல்லனோடு சிநேகமாகி ஞானஸ்நானமும் பெற்றுக்கொண்டான். பக்கத்துத் தீவான மக்டானின் தலைவன் லாப்புலாப்பு மட்டும் "உன் ராசாவுக்கு நான் ஏன் திறை கட்ட வேண்டும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. மகெல்லன் பதில் சொல்வதற்குப் பதிலாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போனான். போன நேரம் கடல் வற்று. கப்பல் கரைக்குக் கிட்ட வர முடியவில்லை. இரும்புக் கவசத்தோடு தொடையளவு தண்ணீரில் நடந்து போனார்கள். மன்னார்ப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், வற்றுக்கு அந்தப் பக்கம் போகாதே என்று. தீவுக்காரர் கெட்டிக்காரர். உடம்பில் இரும்பு இருக்கிறது, காலில் இல்லை என்று கண்டு, காலுக்கே குறி வைத்தார்கள். மூங்கில் ஈட்டிக்கு மகெல்லன் இரையானான்.

"அப்போ நீங்கள் வென்றுவிட்டீர்கள்" என்றேன் மெர்லியிடம்.

"அந்த ஒரு காலைப்பொழுது வென்றோம். பிறகு ஸ்பானியர் வேறு கப்பல்களில் வந்து முந்நூறு வருடங்களுக்கு மேல் இருந்தார்கள்."

பிறகு 1898 இல் பிலிப்பைன்ஸ்காரர் சண்டை பிடித்து, கொடியேற்றி, யூன் பன்னிரண்டாம் நாள் சுதந்திரம் என்று அறிவித்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் ஸ்பெயின் அந்த நாட்டைக் காசு வாங்கிக்கொண்டு அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. வீட்டில் ஆட்கள் இருக்கும்போதே வீட்டை விற்ற மாதிரி. அமெரிக்கர் இருந்தார்கள், இடையில் யப்பானியர் வந்தார்கள், திரும்பவும் அமெரிக்கர். கடைசியில் 1946 இல் அமெரிக்கா சுதந்திரம் கொடுத்தது. எந்த நாள் தெரியுமா? அமெரிக்காவின் சொந்தச் சுதந்திர தினமான யூலை நான்கு! கொஞ்சக் காலம் அதையே கொண்டாடிப் பார்த்துவிட்டு, இது சரிவராது என்று பழையபடி யூன் பன்னிரண்டுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

"கொடுத்த நாள் அவர்களுடையது. எடுத்த நாள் எங்களுடையது" என்றார் மெர்லி. இதைச் சொல்லும்போது அவர் ஒரு முதியவரின் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

3

நாடகத்தில் மெர்லிதான் லாப்புலாப்பு. பூங்கன்றுக் கடையில் பயற்றங்கொடிக்கு ஊன்ற விற்கும் மூங்கில்தான் ஈட்டி. மெர்லியின் கணவர் யென்ஸ் டெனிஷ்காரர். நாட்டை விலைக்கு வாங்கும் அமெரிக்கராக நடித்தார். ஒத்திகைப் பழக்கத்தின்போது காசுப் பெட்டியைக் கொடுத்து நாட்டை வாங்கியவர் போகாமல் நின்றார். என்ன என்று கேட்டால், "பற்றுச்சீட்டு?" என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

என் தலைக்கவசம் எங்கள் வீட்டுச் சோறு வடிக்கிற வடி. அதற்கு வெள்ளி நிறம் பூசியதில் ரெஜினாவுக்குக் கோபம். நெஞ்சுக் கவசம் மட்டை, மேலே அலுமினியத் தாள். என் படைவீரர்கள் எல்லாருக்குமாக ஒரே ஆள், அலோசியஸ் அண்ணை. பக்கத்து ஊரான கோல்டிங்கில் இருந்து மத்தளத்தோடு காரில் வருவார். மன்னாரில் கத்தோலிக்கக் கூத்துகளுக்கு மத்தளம் அடித்தவர். நான் அதே கூத்துகளில் ராசாவுக்குக் குடை பிடித்தவன். ராசா வேஷம் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும், வில்லங்கம் எங்கே தொடங்கியது என்று.

எங்கள் கூத்தில் ராசா சும்மா வரமாட்டார். யார், எந்த ஊர், எதற்கு வந்தார் என்று பாடி ஆடித்தான் வருவார். சாவதும் அப்படித்தான். குத்து விழுந்த பிறகுதான் ராசாவுக்கு நல்ல குரல் வரும்.

முதல் பழக்கத்தில் மெர்லி குத்தியவுடன் அலோசியஸ் அண்ணை மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டினார். என் வாய் தானாகத் திறந்துவிட்டது. பிலிப்பைன்ஸ்காரிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அடுத்த பழக்கத்தில் பாட்டு நீண்டது. அதற்கடுத்ததில் விழுந்த இடத்திலிருந்து எழும்பியும் பாடினேன்.

"நல்லது, அப்படியே செய்" என்றார் மெர்லி. "நீ சாகிற நேரத்துக்குள் மற்றவர்கள் மண்டபத்துச் சமையல் குசினிக்குள் போய் அடுத்த காட்சிக்கு உடுப்பு மாற்றலாம்."

அந்த உடுப்பு அவர்களுடைய தேசிய உடுப்பு. தோளில் வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி விறைத்து நிற்கும் கை. போடுவதற்கு நேரம் எடுக்கும்.

நாடகத்தில் என் மகள் அனிற்றாவும் இருந்தாள். பன்னிரண்டு வயது. மகெல்லனோடு கப்பலில் போய், நடந்ததை எல்லாம் எழுதிவைத்த ஒரு இத்தாலியன் இருந்தானாம். அந்த எழுத்தர் அவள்தான். தொப்பி போட்டு, இறகுப் பேனாவோடு ஓரத்தில் நின்று கதையை டெனிஷில் சொல்லவேண்டும். அவளுடைய டெனிஷ் வயோதிபர் இல்லத்து முகாமையாளரின் டெனிஷை விட நல்லது.

நாடகத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, பழக்கம் முடிந்து காரில் வந்துகொண்டிருந்தோம். அனிற்றா ஜன்னல் பக்கம் திரும்பியபடி டெனிஷில் சொன்னாள், "பிரையாவும் வருகிறாள்."

பிரையா அவளுடைய உற்ற சிநேகிதி. ஓகஸ்டில் இருவரும் ஒரே புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள்.

"வரட்டுமன், நல்லது."

"அப்பா, நீங்கள் பாடக்கூடாது."

போன வருடம் வகுப்பின் கோடை விருந்தில் ஒவ்வொரு பெற்றோரும் தங்களை அறிமுகம் செய்யச் சொன்னபோது நான் ஒரு சின்னப் பாட்டாகச் செய்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'பின்லித்' என்ற டெனிஷ் சொல் பாவனையில் இருக்கிறது. வெட்கக்கேடு என்று அர்த்தம். நான் செருப்போடு காலுறை போட்டால் பின்லித். கடையில் மாம்பழத்தை மணந்து பார்த்தால் பின்லித்.

"குத்தினவுடனை விழுங்கோ. விழுந்தா எழும்பக்கூடாது" என்றாள். முக்கியமான இடத்தில்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

"பாடினா?"

"பாடினா புதுப் பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் அம்மா மட்டும் வரட்டும்."

பிள்ளைகளே, இங்கே புதுப் பள்ளிக்கூடத்தின் முதல்நாள் தாய் தகப்பன் இரண்டு பேரும் வாசலுக்குப் போவார்கள். கொடி கட்டியிருப்பார்கள். அன்றைக்கு லீவு வேண்டும் என்று நான் சித்திரையிலேயே கேட்டு வாங்கிவிட்டேன். என்னை விட்டுவிட்டு வாத்தியார்மார் மற்றப் பெற்றோரோடு கதைத்த பள்ளிக்கூட வாசல்கள் உண்டு. ஆனால் என்னை வராதே என்று யாரும் சொன்னதில்லை.

"சரி. பாடமாட்டன்" என்றேன்.

வழியில் பாலத்தைத் தாண்டும்போது அவள் வேறொன்று கேட்டாள்: "அப்பா, நாங்கள் எந்தப் பக்கம்? எங்கடை பேர் மகெல்லன்ரை ஆக்கள் வைச்ச பேர். ஆனா முகம் மெர்லி அன்ரியின்ரை ஆக்கள் மாதிரி."

நான் கண்ணாடியில் பார்த்தேன். வடி என் தலையில்தான் இருந்தது. கழற்ற மறந்துவிட்டேன். அந்தக் கோலத்தில் எந்தப் பக்கம் என்று ஒருவன் என்னத்தைச் சொல்வது?

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

4

நாடகத்தன்று மண்டபம் நிரம்பியிருந்தது. பிலிப்பைன்ஸ்காரர், தமிழர், போலந்துக்காரர், வியட்நாமியர், சாப்பாட்டு மணத்துக்கு வந்த டெனிஷ்காரர். முதல் வரிசையில் பிரையாவும் அவளுடைய தகப்பனும். வெளியே யூன் மாதத்து மழை.

நான் மேடைக்கு ஏறியவுடன் அலோசியஸ் அண்ணை வரவுக்குத் தாளம் எடுத்தார். என் கால் பெருவிரல் தானாக எழும்பியது. ஓரத்தில் நின்ற அனிற்றாவைப் பார்த்தேன். இறகுப் பேனாவை எனக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள். பெருவிரலைக் கீழே வைத்தேன்.

"தம்பி, பாடன்ரா!" என்று அண்ணை பல்லுக்குள்ளால் சொன்னார்.

"பேசாமல் அடியுங்கோ அண்ணை."

"என்னடாப்பா இது, ராசா வாறாரோ, தபால்காரன் வாறானோ?"

சாதாரணமாக நடந்து வந்தேன். நீல விரிப்பைத் தண்ணீர் என்று நினைத்துக் காலைத் தூக்கி வைத்தேன். மெர்லி சத்தமிட்டுப் பாய்ந்து பயற்றங்கொடி மூங்கிலால் என் காலில் குத்தினார். விழுந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், ஒழுங்காகச் செத்தேன். உலக வரலாற்றில் மகெல்லன் இவ்வளவு கெதியாக ஒருநாளும் செத்திருக்க மாட்டான்.

அனிற்றா நிமிர்ந்து நின்று தன் பகுதியைச் சொன்னாள்: "இப்படியாக எங்கள் தலைவர் இறந்தார். வருடங்கள் கழிந்தன. ஒருநாள் மக்கள் தங்கள் கொடியோடு வந்தார்கள்."

ஒருவரும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாடமாட்டேன் என்று மகளுக்குச் சொன்ன நான், அதை மெர்லிக்குச் சொல்லவில்லை. மகெல்லன் நீட்டி முழக்கிச் சாவான் என்ற நம்பிக்கையில் சுதந்திரப் போராட்டம் முழுவதும் குசினிக்குள் அரைகுறை உடுப்பில் நின்றது.

மெர்லி குனிந்து, "என்ன செய்கிறாய்? எழும்பு! நீ இன்னும் சாகக்கூடாது!" என்றார்.

செத்தவன் எப்படிப் பதில் சொல்வது? ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். குசினிக் கதவு திறந்தது. இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் வெளியே வர முயன்று, சிறகுக் கைகள் கதவு நிலையில் இடித்து, திரும்ப உள்ளே போனார்கள். கதவு மூடியது. உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

அனிற்றா, "ஒருநாள் மக்கள் தங்கள் கொடியோடு வந்தார்கள்" என்று திரும்பவும் சொன்னாள். குரல் மெலிந்துவிட்டது. சபையில் யாரோ இருமினார்கள். பிரையா தகப்பனைப் பார்த்தாள். என் பிள்ளையின் காது சிவந்ததைத் தரையில் கிடந்தபடியே கண்டேன். பாட்டு என் தொண்டைக்குள் வந்து நின்றது. விழுங்கினேன். சொன்ன சொல் சொன்னதுதானே? அவளுடைய பள்ளிக்கூட வாசலில் ஓகஸ்ட் மாதம் நான் நிற்கவேண்டும்.

அனிற்றா தன் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தாளை மடித்துத் தொப்பிக்குள் வைத்துவிட்டு, சபைக்குத் திரும்பித் தெளிவான டெனிஷில் சொன்னாள்:

"ஆனால் மகெல்லன் இன்னும் முழுதாகச் சாகவில்லை."

சபை சிரித்தது. அவள் என் பக்கம் குனிந்தாள்.

"அப்பா, பாடுங்கோ."

"சத்தியமாவோ?"

"கெதியா!"

எழும்பினேன் பாருங்கள். அலோசியஸ் அண்ணையின் மத்தளம் எனக்கு முன்னமே எழும்பிவிட்டது.

"ஏழு கடல் தாண்டி வந்தேனே – நானும்
ஏன் வந்தேன் என்று அறியேனே!"

வடி ஆட, தாள் கவசம் கிழிய, மேடையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தேன். மெர்லி கெட்டிக்காரி. பாட்டின் அடி முடிந்த இடத்தில் சரியாகக் குத்தினார். விழுந்தேன். கதவைப் பார்த்தேன். திறக்கவில்லை.

"மகெல்லன் பிடிவாதக்காரர்" என்றாள் அனிற்றா சபையிடம்.

திரும்ப எழும்பினேன்.

"சட்டை மாறிப்போன சண்டைக்காரி – என்னைத்
தடியாலே குத்துறா கொடுமைக்காரி!"

மூன்றாம் தரமும் விழுந்து எழும்பினேன். தமிழர் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸ்காரர் ஒவ்வொரு குத்துக்கும் "லாப்புலாப்பு! லாப்புலாப்பு!" என்று கத்தினார்கள். அவர்களுக்கு இது சரியான சந்தோஷம். ஐந்நூறு வருடத்தில் ஒருதரம் கிடைத்த வெற்றி, இப்போது அடுத்தடுத்துக் கிடைக்கிறது. எங்கள் வயோதிபர் இல்லத்து முதியவர், சக்கர நாற்காலியில் வந்திருந்தவர், "தங்கச்சி அண்ணனைக் கொல்கிறாள்!" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது மேடைவரை கேட்டது.

கடைசியாக விழுமுன் எழுத்தர் பக்கம் திரும்பி முழங்காலில் நின்றேன். இதை நான் யோசித்துச் செய்யவில்லை. கூத்து வந்த வழியில் வாயும் வந்தது.

"இறகு பிடித்தெழுதும் பெண்பிள்ளாய் – எந்தன்
இறப்பையும் நல்லாய் எழுதம்மா!"

அவள் உண்மையாகவே எழுதுவதுபோல இறகை அசைத்தாள். சிரிப்பை அடக்கியதில் தொப்பி ஆடியது. குசினிக் கதவு திறந்தது. சிறகுக் கைகளோடு, பக்கவாட்டில் ஒவ்வொருவராக, கொடியோடு பெண்கள் வந்தார்கள்.

"அப்பா, காணும், இனிச் சாகுங்கோ" என்றாள் மெதுவாக. பிறகு சபைக்கு, "இப்போது இவர் உண்மையாகவே இறந்துவிட்டார்."

இறந்தேன். பிலிப்பைன்ஸ் என் காலைப் பிடித்து இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டுச் சுதந்திரம் அறிவித்தது. அதன் பின் யென்ஸ் வந்து நாட்டை வாங்கினார். இந்தமுறை ஸ்பெயின் பற்றுச்சீட்டுக் கொடுத்தது.

5

நாடகம் முடிந்து மூன்று பேரும் காரில் வீட்டுக்குப் போனோம். என் வாயில் பாட்டின் மிச்சம் இருந்தது, மனதில் ஓகஸ்ட் இருந்தது. நானே கேட்டேன்.

"பிள்ளை, நான் பாடிப்போட்டன். அப்ப முதல்நாள் அம்மா மட்டுமோ?"

அனிற்றா கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கும் சொன்ன சொல் இருக்கிறதல்லவா?

"பாடினது நீங்கள் இல்லை. மகெல்லன்."

"அப்ப?"

"நீங்கள் வாங்கோ. மகெல்லன் வீட்டிலை நிக்கட்டும்."

ரெஜினா முன் சீட்டிலிருந்து, "வடியும் வீட்டிலை நிக்கட்டும்" என்றாள்.

ஓகஸ்டில் போனோம். காலுறையில்லாமல் சப்பாத்துப் போட்டேன், செருப்புப் போடவில்லை. வாசலில் கொடி. வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு நின்றேன். பிரையா தூரத்திலிருந்தே "மகெல்லன்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். நான் பயந்து அனிற்றாவின் முகத்தைப் பார்த்தேன். பின்லித் வரவில்லை. என் கையைப் பிடித்திருந்தாள் என்று சொல்லமாட்டேன், அது பொய்யாகிவிடும். ஆனால் பக்கத்தில்தான் நின்றாள்.

பிரையாவின் தகப்பன் வந்து கை கொடுத்தார். நாடகம் மிக நன்றாக இருந்தது என்றார். பிறகு மரியாதையாகக் கேட்டார்: "நீங்கள் பிலிப்பைன்சா, அல்லது ஸ்பெயினா?"

எந்தப் பக்கம் என்று மகள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் யோசித்து முடிக்கவில்லை. அதே கேள்விதான் இப்போது பள்ளிக்கூட வாசலில், டெனிஷில் வந்து நிற்கிறது. என் அரைகுறை டெனிஷில் போர்த்துக்கீசரில் தொடங்கலாமா, மன்னாரில் தொடங்கலாமா என்று வாயைத் திறப்பதற்குள் அனிற்றா முந்திவிட்டாள்.

"இரண்டும் இல்லை" என்றாள். "என் அப்பா மன்னார். பிலிப்பைன்சில் செத்தவர், அவ்வளவுதான்."